தொப்பூர் இறக்கத்தில் இரண்டு சீட்டு கார்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்குப் பயம். என் வீட்டுக்காரர் அதைப் பெங்களூரிலிருந்து ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டே பேர்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. படுத்திருக்கும் எருமை மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. யாரோ ஒரு வசதியானவர் ஆசைக்கு வாங்கி ஓட்டிவிட்டு, மரத்தடியில் பல வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும் போல.

“ஏங்க, இதுல உட்கார்ந்தா லாரிக்காரனுக்கு நம்ம தலையாவது தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஆரம்பிச்சுட்டியா?” என்றார். அத்தோடு என் பேச்சுக்கு அங்கே மரியாதை முடிந்தது.

நல்லம்பள்ளியில் அவர் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கருகிப்போன மோட்டாரையெல்லாம் ஓடவைக்கிற மனுஷனுக்கு இந்தக் காரும் ஓடிவிடும் என்று ஒரு தைரியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சோறு தண்ணி மறந்து கொட்டகைக்குள் போய்விடுவார். அந்தக் கொட்டகை எங்களுக்கும் அவருடைய அண்ணன் குடும்பத்துக்கும் பொது. ஒரு பக்கம் அண்ணனின் டிராக்டர், மறுபக்கம் இந்தக் கார். இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்த என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்ததே அந்த அண்ணன்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மனசில் பட்டதைப் பேசிவிடுவார், ஆனால் கெட்ட மனசு கிடையாது.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டைகளை அடுக்கி, அதற்கடியில் அவர் மல்லாந்து படுத்துக்கொள்வார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். கட்டை சரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பாகவே இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பாதியில் ஓடிவந்து, “ஏங்க!” என்று கத்துவேன். அவர் ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார். உயிரோடு இருக்கிறாராம். ஒரு தடவை தட்டு வரவில்லை. குனிந்து பார்த்தால் அடியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டதாம்.

பெட்ரோல் டேங்கில் இருந்த ஓட்டையைப் பற்றவைத்தபோது நான் சமையல் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்க் கிணற்றடியில் நிறுத்தினேன். மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, அவன் தண்ணி ரொப்பிட்டுதான் பத்த வெக்கிறான். நீ ஊர காலி பண்ணிருவ போலிருக்குதே!” சிரிக்கட்டும். நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவள் நான். ஆம்புலன்ஸ் தெற்கே போகும் சத்தம் கேட்டாலே, தொப்பூர் கணவாயில் இன்றைக்கு அடிபட்டது யார் வீட்டு ஆளோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

மாமாவுக்கு ஆரம்பத்தில் கார் பிடிக்கவில்லை. “பொம்மைக்கு எதுக்குடா இத்தன வேல?” என்று கிண்டலடிப்பார். ஆனால் இன்ஜின் முதல் தடவை உறுமியபோது டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்து நின்றார். அதற்கப்புறம் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் காரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வழியாக வேலை முடிந்தது. பெயின்ட் அடித்தார், பிரேக் கட்டை மாற்றினார், புது சீட் பெல்ட் போட்டார். ஊருக்குள் நாலைந்து தடவை ஓட்டியும் பார்த்துவிட்டார். சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகளிடம் காரைக் காட்ட வேண்டுமாம், கூட நானும் வர வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். அப்புறம், தனியாகப் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் நானே ஏறிக்கொண்டேன். பெட்ரோல் வண்டி ஆயிற்றே என்று கற்பூரத்தை எட்டத் தள்ளி வைத்துக் கொளுத்தினேன். மாமா தண்ணீர் பாய்ச்சக் காட்டுக்குப் போயிருந்தார்.

சாலைக்கு வந்ததும் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. வண்டி சுலபமாகப் போகவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல முக்கியது.

“ஏங்க, ஏதோ கருகுற வாசன வருதே?”

“புது பிரேக் கட்டை. படியற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.”

சுங்கச்சாவடி தாண்டியது. இறக்கம் ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு டாரஸ் லாரி போனது. அதன் டயர் என் முகத்துக்கு நேராகச் சுற்றியது. நான் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நெருங்கிக்கொண்டே போனோம். கம்பி நுனிகளில் கட்டியிருந்த சிவப்புத் துணி பெரிதாகிக்கொண்டே வந்தது.

அவருடைய காலைப் பார்த்தேன். பெடலை மிதித்து மிதித்து எடுத்தார். அது அடிவரைக்கும் சும்மா போய் வந்தது.

“பிரேக் இல்லீங்களா?”

“பேசாத.”

அவர் அப்படிச் சொன்ன குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது, என் உடம்பு முன்னால் போய்த் திரும்பியது. பின்னால் ஒரு பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடித்தது. எனக்குச் சாமி பெயர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மகளின் முகம்தான் வந்தது. இன்னொரு கியரைக் குறைத்தார். கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி இடது பக்கம் ஒடித்தார். சக்கரங்கள் மண்ணில் இறங்கின. சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் முட்டி வண்டி நின்றது. கம்பி லாரி தன்பாட்டுக்கு இறங்கிப் போனது.

புழுதி அடங்கியது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அவர் இறங்கி, முன்மூடியைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமா. இவர் விரலெல்லாம் எண்ணெயாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னடா தம்பி, சேலம் போயாச்சா? பிரேக்கு எண்ணெ டப்பா கொறஞ்சு கெடந்துது. முந்தாநேத்து நம்ம டிராக்டர் எண்ணெய ஊத்தி ரொப்பிவுட்டேன். டிராக்டரு பிரேக்குக்கும் அதுதான? எப்புடி, நல்லா புடிக்குதா?”

இவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். “நல்லா புடிக்குதுண்ணா. பைப்புல லேசா லீக்கு. தொப்பூர் எறக்கத்துல நிக்கிறோம்.”

“அங்கியே இரு, வாரேன்.” போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் சொன்னார்: “டிராக்டர்ல பிரேக்கே அந்த எண்ணெய்க்குள்ளதான் முங்கிக் கெடக்கும். இதுல ரப்பர் வாசர் இருக்குது. அந்த எண்ணெ பட்டா ரப்பர் ஊதிப்போயிரும். புடிச்ச பிரேக் வுடாது. ஒரசி ஒரசிச் சூடாகி, கடைசியில மிதிச்சாலும் ஒண்ணுமே புடிக்காது.” அப்புறம் என்னைப் பார்த்தார். “அண்ணங்கிட்ட சொல்லிராத. ஆசையா ஊத்தியிருக்காரு. தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாரு. உன் வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! செத்துப் பிழைத்து ரோட்டோரம் நிற்கிறோம், இவருக்கு அண்ணன் மனசு நோகக்கூடாதாம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஜல்லி மேல் உட்கார்ந்து, இறங்குகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் எங்கள் மேலேயே வருவது போல இருந்தது.

மாமா மொபெட்டில் வந்து சேர்ந்தார். காட்டிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார், காலெல்லாம் சேறு. வண்டியின் முன்னால் ஒரு கேன் இருந்தது.

“எண்ணெ ஒழுகிப்போச்சுன்னியே, அதான் கையோட எடுத்தாந்தேன்” என்று சொல்லிக்கொண்டே கேன் மூடியைத் திருகினார்.

“வேணாம்ண்ணா, ஆளு சொல்லியிருக்கேன். வண்டில ஏத்திட்டுப் போயிரலாம்.”

“அட, ஒழுகுனா ஒழுகட்டும்டா. ரொப்பிக்கிட்டு மெல்ல வூட்டுக்கு ஓட்டிரு. கேனு நெறையா இருக்குது.”

பிரேக் ஆயில் டப்பா திறந்துதான் இருந்தது. மாமா கேனைச் சரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், தடுக்கவில்லை. நான் எழுந்து போய் மாமாவின் கையைப் பிடித்தேன். அத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நின்று சத்தமாகப் பேசியதுகூட இல்லை.

“ஊத்தாதீங்க மாமா. இந்த எண்ணெயாலதான் பிரேக் போச்சு. நாங்க செத்திருப்போமுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என்னை முறைத்தார். மாமா கேனை நிமிர்த்தினார். காரைப் பார்த்தார், ஜல்லிக் குவியலைப் பார்த்தார், மண்ணில் எங்கள் சக்கரம் இழுத்த கோட்டைச் சாலை வரைக்கும் பார்த்தார். பிறகு கேனைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியிடம் வந்து, குழந்தையைத் தடவுவது போலத் தலையையும் தோளையும் முழங்கையையும் தடவினார். “எங்கியும் அடி படலியே? எங்கியும் அடி படலியே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இல்லண்ணா. ஒண்ணுமில்லண்ணா.”

“நீ ஏன்டா சொல்லல?”

இவர் குனிந்து கேனை எடுத்து ஓரமாக வைத்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

“நல்ல வேளை சொன்ன கண்ணு. அடுத்த தடவயும் கொறஞ்சிருக்கான்னு பாத்து நானே ஊத்தி வெச்சிருப்பேன்.”