பேயாண்டியின் காய்ச்சல்

11.3.2024 – பித்தக் குழாயில் ஸ்டென்ட் – ரூ. 42,300
14.3.2024 – காய்ச்சல் மாத்திரை, ஓர் அட்டை – ரூ. 15
20.3.2024 – ஆம்புலன்ஸ் – ரூ. 2,800

பேயாண்டி என் தங்கை செல்லத்தாயின் கணவர். சோழவந்தானில் குத்தகைக்கு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அதற்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார். சம்பந்தியே வந்தாலும் வரப்பில் கழற்றவைப்பார்.

மாசியில் கண் மஞ்சளானது. மதுரை ஆஸ்பத்திரியில், அடைத்திருந்த பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்து, பித்தநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் சாருலதா கட்டிலருகே வந்தார்.

"பித்தத்துல ஈஸ்ட் இருக்கு அய்யா, ஒரு மாதிரி பூஞ்சை. சும்மா ஒட்டிக்கிட்டும் இருக்கலாம், நோயாவும் மாறலாம். மருந்து உங்க கல்லீரலுக்குப் பாரம். காய்ச்சல் வந்தா மட்டும் குடுப்போம்."

"வெத்தலையில பூஞ்சை கண்டா கொடியவே பிடுங்கி எறிஞ்சிருவோம் தாயி. நீங்க விட்டுப் பாக்கலாம்ங்கிறீக!"

"உங்களைப் பிடுங்கி எறிய முடியாதுல்ல!" டாக்டர் சிரித்தார்.

மறுநாளே குளிர் நடுக்கியது. ஆனால் பங்குனி பிறந்துவிட்டது. கொடி இறக்க வேண்டும். உயர்ந்துவிட்ட கொடியை, அது படரும் அகத்தி மரத்திலிருந்து அவிழ்த்து, சுருட்டி, அன்றே மண்ணில் புதைத்தால்தான் திரும்பத் துளிர்க்கும். ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. செல்லத்தாயை மாத்திரை வாங்கிவர அனுப்பினார். டாக்டர் வருவதற்கு முன்பே விழுங்கிவிடுவார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு. அம்புட்டுக் கொடியையும் நீயே இறக்கு."

அவள் சொல்லவில்லை. நர்ஸ் காய்ச்சல் குறிக்கும் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. பூஞ்சைக்கு மருந்து தராமல், எதற்கும் இருக்கட்டுமென்று ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு, 16-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலைக்கு இடைஞ்சல் என்று போனை அணைத்து வைத்தார். 20-ம் தேதி கடைசி வரிசைக் கொடியை மண்ணுக்குள் வைத்துவிட்டு அகத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் மதுரையைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

பிறகு டாக்டரின் கடிதம் வந்தது. ரத்தத்திலும் அதே ஈஸ்ட்; போனில் கிடைக்கவில்லை; மருந்து தொடங்க வேண்டும், உடனே அழைத்து வாருங்கள். படித்துக் காட்டினேன்.

"மாத்திரை வாங்கிக் குடுத்தவ நாந்தானே அண்ணே" என்றாள் செல்லத்தாய். நான் செலவு நோட்டை எடுத்து, ஆம்புலன்ஸுக்குக் கீழே எழுதினேன்:

கடிதம் வந்த தேதி 23.3.2024.