உப்புக் கிணற்று உளுவை

எங்கள் காட்டுக் கிணறு வற்றியதே இல்லை. ஆனால் அத்தனையும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தக் கிணற்றினால்தான் சித்தப்பாவுக்கு இரண்டு இடம் தட்டிப்போனது. லாரி ஓட்டுகிறார், சொந்தமாகக் காடு, விவசாயம் இருக்கிறது என்று பெண் வீட்டார் ஆசையாக வருவார்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் ஜாதகம் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். பொய்தான். அதற்காக எங்கள் வீட்டிலும் ஒரு பொய்யைத் தயார் செய்தார்கள். மூன்றாவது இடத்தார் வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள், அப்பா சேந்தமங்கலம் ரோட்டுக் கிணற்றிலிருந்து வண்டியில் நாலு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து மூடிவைத்தார்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. என்னிடம் ஒரு மீன் இருந்தது.

சித்தப்பா அந்த வாரம்தான் தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உப்பளத்து வாய்க்காலில் பிடித்ததை ஊறுகாய் பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்தார். உளுவை என்றார். விரல் நீளம்கூட இல்லை. சேற்று நிறம், தவளை மூஞ்சி, உச்சந்தலையில் இரண்டு கண்கள். நீந்தவே நீந்தாது. அடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பாட்டிலை ஆட்டினாலும் நகராது. கொசுப்புழு போட்டால் மட்டும் எகிறிக் கவ்விவிட்டு மறுபடி உட்காரும். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

"தண்ணி மாத்தோணும்னா நம்ம கெணத்துத் தண்ணியவே ஊத்து அம்மிணி. நல்ல தண்ணி ஊத்துனா செத்துப்போயிரும்," என்றார் சித்தப்பா.

அம்மா மீனை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மாட்டுத் தொட்டிச் சுவர்மேல் வைத்துக்கொண்டேன்.

நல்ல தண்ணீர் வந்த மறுநாள் பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"தேனாட்ட இருக்குதுங்களே!" என்றார் பெண்ணின் அப்பா.

"நம்ம கெணறுதானுங்க," என்றார் என் அப்பா, கூசாமல்.

பெரியம்மா பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். அங்கே என் பாட்டில் இருந்தது. "இதென்ன சாமி, பல்லியா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பல்லியில்லீங்க, உளுவை! கடல் மீனு."

"கடல் மீனு இங்க எப்படிப் பொழைக்குது?"

"எங்க கெணத்துத் தண்ணியும் கடலாட்டம் உப்புத்தானுங்க. நீங்க இப்பக் குடிச்சது சேந்தமங்கலம் ரோட்டுத் தண்ணி. அத ஊத்துனா இது செத்துப்போயிரும்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். சித்தப்பா மட்டும் கதவோரம் நின்று காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்து, தூவென்று துப்பினார். போயே விடுவார் என்று நினைத்தோம். திரும்பி வந்தவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"எங்கூட்டுக் கெணத்துல உப்பும் இல்லீங்க, தண்ணியும் இல்லீங்க. நாலு வருசமா எம்புள்ள ஒரு மைலு நடந்து கொடந் தூக்கறா. நானும் அதச் சொல்லாமத்தான் வந்தனுங்க."

"ரெண்டு பேரும் சோடிக் கள்ளனுங்க!" என்றார் பெரியம்மா. அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் சித்தி வந்தபோது உளுவை உயிரோடு இருந்தது. வந்த அன்றே அதற்குக் கொசுப்புழு பிடித்துப் போட்டாள்.

கல்யாணத்தை நடத்திவைத்தது நானும் என் மீனும்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று காலையிலும் பாட்டிலை மாட்டுத் தொட்டிச் சுவர்மேல்தான் வைத்தேன். அது எப்படி அந்த ஜன்னலுக்கு வந்தது என்று சித்தப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. கிள்ளு வாங்கியது மட்டும் நான்.