கொடிக்குப் போட்ட பூ முடிச்சு

நாகர்கோவிலிலிருந்து கரமனைக்குக் குடிவந்து ஓராண்டாகியும் என் மகள் வெளியில் வாய் திறக்கவில்லை. மலையாளத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று டீச்சர் சொன்னார். அதனால், சுதந்திர தினத்தன்று குடியிருப்பின் கொடியை அவளே ஏற்றட்டும் என்று சங்கச் செயலாளர் வந்து சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயமே அதிகம். எல்லோர் முன்னாலும் ஏதாவது தவறிவிட்டால் இன்னும் சுருங்கிவிடுவாளே.

தவறாமலிருக்க, கொடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பச்சை மேலே வந்துவிடக் கூடாது. துணி தரையில் படக் கூடாது. நடுவில் முன்பு ராட்டை இருந்ததாம். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ராட்டை திரும்பித் தெரியும். சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் ஷூ லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். புதிதாகக் கற்றது. பள்ளி நாட்களில் வேன் வந்துவிடுமே என்று நானே கட்டிவிடுவேன்.

கொடியை மடித்துக் கட்டும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். செவ்வந்தி இதழ்களை உள்ளே வைத்து, சேலைக் கொசுவம்போல மடித்து, கயிற்றைச் சுற்றி இறுக்கினேன். காவி மேலேதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். முடிச்சைப் பார்க்கவில்லை.

கட்டிய கொடி கம்பத்தின் உச்சிக்குப் போனது. மகள் கயிற்றை இழுத்தாள். விரியவில்லை. மறுபடி இழுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைப்பழக்கத்தில் பூக் கட்டும் முடிச்சைப் போட்டிருக்கிறேன். இழுக்க இழுக்க இறுகும் அது.

எதிர்வீட்டு மாமிக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி கொழந்தே, கொடியைக் கட்டச் சொன்னா பிச்சிப்பூவைக் கட்டற மாதிரி கட்டியிருக்கியே! யார் தலையில வெக்கப் போறே?"

மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"சாரமில்லா, எறக்கிக் கெட்டாம்" என்று, பரவாயில்லை என்பதுபோல் கையசைத்துவிட்டு, செயலாளர் கொடியை இறக்கி, தரையில் படாமல் இரு கைகளிலும் தாங்கிக்கொண்டார். நான் முடிச்சை நகத்தால் நெருடினேன். மகள் என் இடுப்பை இடித்தாள்.

"அம்மா, ஷூ லேஸ் மாதிரி கெட்டணும். ஒரு நுனிய இழுத்தா வந்துரும்லா?"

செயலாளர் குனிந்தார். "எந்நா, மோளு கெட்டுமோ?"

அவளுக்காகப் பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள், "கெட்டாம், அங்கிள்" என்றாள்.

வெளியாள் ஒருவரிடம் அவள் மலையாளம் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

என் முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்ததும், நாக்கைக் கடித்தபடி அவளே கட்டினாள். சரியாக வருமா என்று தொட்டுப் பார்க்கப் போன கையை மடக்கிக்கொண்டேன். இம்முறை ஒரே இழுப்பு. கொடி விரிந்தது, காவி மேலே. இதழ்கள் மாமியின் தலையில் கொட்டின.

"பாத்தியா, என் தலையிலதான் வெச்சிருக்கா!" என்றார் மாமி.

பாட்டு முடிந்ததும் மகள் மற்றப் பிள்ளைகளோடு கம்பத்தின் அந்தப் பக்கம் ஓடினாள். "அம்மா, இங்கேருந்து பாத்தாலும் சக்கரம் அப்படியேதான் இருக்கு!"

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். டிரைவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்ல நான் கேட்டுக்குப் போனேன்.