இழுவையின் டப்பா

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘இழுவை’ என்று பெயர். மெல்லிய படலங்களை எந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. பேச்சும் கொஞ்சம் அப்படித்தான். இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானில் ஆராய்ச்சிக்காரப் பெண் செய்த படலங்கள் மாட்டியதுமே உடையும்.

“என் மூஞ்சியைப் பார்த்தாலே அதுக்கு உயிர் போகுது பாப்பா” என்பார். அவள் சிரிப்பாள், பிறகு கை கழுவும் தொட்டியருகே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஈரம் பட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று, முதல் நாளிலிருந்தே அவள் படலங்களை மட்டும் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அப்படியும் உடைந்தன.

அவள் கைட்டோசானோடு, நீரில் கரையும் பிளாஸ்டிக்கான பாலிவினைல் ஆல்கஹாலைக் கலந்தாள். டப்பா நிறைந்திருந்ததால் புதுப் படலங்கள் மேசையிலேயே கிடந்தன. அவை ஜவ்வாக நீண்டன.

“கலவை ஜெயிச்சிடுச்சுண்ணா!” என்று அவரிடம் கத்திவிட்டு, அம்மாவுக்கு போன் போட்டாள்.

மேசையோரம் கிடந்த, கலப்பில்லாத பழைய துண்டு ஒன்றை அவர் சும்மா வளைத்தார். அது உடையாமல் வளைந்தது. டப்பாவுக்குள் இருந்ததோ படக்கென்று முறிந்தது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றின் ஈரம் பட்டால்தான் அது நெகிழும்.

அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தார்.

“பாப்பா, உன் பழசையெல்லாம் காயப்போட்டுக் கொன்னது நான்தான்.”

பழசு, கலவை இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மறுநாள் இழுத்தார்கள். பழசும் கொஞ்சம் நீண்டது. கலவை அதைவிட நீண்டது.

“ஜெயிச்சது நிஜம்தான். நேத்து நினைச்ச அளவு இல்ல” என்றாள். பிறகு மெதுவாக, “இத்தனை நாளா என் கைதான் சரியில்லன்னு நினைச்சேண்ணா.”

இழுவை டப்பாவைத் திறந்து, மணிகளையெல்லாம் குப்பையில் கொட்டினார்.