டாக்டர் இன்டர்நெட்டில் கேட்ட கேள்வி

2002-ஆம் வருஷம், ஜனவரி மாதம். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. மாற்றலாகி வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பெண்ணுக்கு அப்போது பதினாலு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, கையில் அகப்பட்ட கரண்டியால் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற வயசு.

கல்கத்தாக்காரர்களுக்குக் குளிர் என்றால் அப்படி ஒரு பயம். டிசம்பர் பிறந்ததும் மீசை வைத்த பெரிய மனிதர்கள்கூட காது கழுத்தெல்லாம் மூடுகிற மங்கி கேப்புக்குள் புகுந்துகொள்வார்கள். முதல் வருஷம் அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் நான். கையில் குழந்தை வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் புதுசு. சாயங்காலமானால் பனியும் அடுப்புப் புகையும் சேர்ந்து தெருவில் இறங்கும். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். குழந்தைக்கு நெஞ்சிலும் முதுகிலும் எண்ணெய் தடவி, ஸ்வெட்டர் மாட்டி, பாயில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கரண்டியால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், குழந்தை ஒருக்களித்துக் கிடக்கிறாள். கண் இரண்டும் மேலே சொருகியிருந்தன. ஒரு கை விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

கீழ் வீட்டில் ஒரு வங்காளிப் பெண்மணி இருந்தார். அங்கே அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி ‘பௌதி’ என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் எங்களை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதைச் சேம்பர் என்பார்கள். அங்கே சாயங்காலமும் காலையும் உட்காருகிற குடும்ப டாக்டர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். போய்ச் சேருவதற்குள் வலிப்பு நின்று, குழந்தை துவண்டு தூங்கியிருந்தாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. கீழே விழுந்தாளா, எதையாவது விழுங்கினாளா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “தேல் மாகாவ் தோ?” என்றும் கேட்டார். எண்ணெய் தேய்க்கிறாய்தானே என்று அர்த்தம். தலையாட்டினேன். அந்த ஊரில் குழந்தை வைத்திருக்கிற எந்தத் தாயும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வாள். அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவர் சீட்டு எழுதிக் கொடுக்க, ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. குழந்தையும் அங்கே சிரித்து விளையாடினாள். இன்னொரு தடவை வந்தால் மருந்து தொடங்க வேண்டியிருக்கும், வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே சாயங்காலம் மறுபடி வந்தது. முன்னைவிட அதிக நேரம். என் மடியிலேயே வந்தது. எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போன அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நர்சிங் ஹோமில் சொன்னபடி சிரப் தொடங்கினோம். அதைக் குடித்தால் குழந்தை நாள் முழுக்கத் தூங்கினாள். விழித்தாலும் தலை நிற்கவில்லை. கரண்டியைக் கையில் கொடுத்தால் நழுவ விட்டாள். வலிப்பைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் என் பிள்ளை இப்படித்தானா என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணேறாக இருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி டாக்டரிடம் போனோம். என் கணவரும் வந்தார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நர்சிங் ஹோமில் வராதது வீட்டுக்கு வந்ததும் வந்திருக்கிறது, அதுதான் இடிக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஏன் வருகிறதென்று எனக்குத் தெரியவில்லை மா. கேட்டுப் பார்க்கிறேன்” என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்றால் வேறு பெரிய டாக்டரிடம் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைத் தட்டினார். போன் ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினார். கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். அவர் இன்டர்நெட்டில் இருக்கும்போது போன் கிடைக்காது என்று பேஷன்ட்டுகள் எல்லோருக்கும் அவர்மேல் கோபம் உண்டு. புது மருந்து எதுவானாலும் அதில் படித்துப் பார்த்துத்தான் எழுதுவார் என்று கடைக்காரர் கேலியாகச் சொல்வார். பல ஊர்களில் இருக்கிற குடும்ப டாக்டர்கள் ஒருவருக்கொருவர் ஈமெயிலில் சந்தேகம் கேட்டுக்கொள்கிற ஒரு குழு இருந்ததாம். அதற்குத்தான் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பதினாலு மாதப் பெண் குழந்தை, தமிழ்க் குடும்பம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் படித்தும் காட்டினார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெளியே வந்ததும் என் கணவரிடம் வெடித்துவிட்டேன்.

“தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லுதாரு. நம்ம பிள்ளைய வச்சு மிஷின்கிட்ட கேட்டுப் படிக்காரு. இனி ஒருநா இந்த ஊர்ல இருக்க மாட்டேன்.”

“சத்தம் போடாத. மெட்ராசுக்கே கொண்டு போயிருவோம். நான் டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணுதேன்” என்றார் அவர்.

அலுவலகத்தில் சொல்லி, இரண்டு நாள் கழித்து மத்தியான ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட்டார். கிளம்ப வேண்டிய நாள் காலை பதினோரு மணி. பெட்டி கட்டியாகிவிட்டது. ஹவுராவுக்கு டாக்சி கூப்பிட என் கணவர் கீழே போயிருந்தார். இந்த ஒரு வார அலைச்சலில் எண்ணெய் தடவ முடியாமல் போய், குழந்தைக்கு நெஞ்சில் மறுபடி சளி கட்டியிருந்தது. ரயிலில் ராத்திரி குளிருமே என்று எண்ணெயைக் கரண்டியில் சூடு பண்ணி, குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மணி அடித்தது.

வாசலில் டாக்டர். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் ஒரு பிரின்ட் தாள். அவர் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. உட்காரக்கூட இல்லாமல், குழந்தைக்கு என்னவெல்லாம் கொடுக்கிறாயோ, என்னவெல்லாம் பூசுகிறாயோ, எல்லாவற்றையும் எடுத்துவந்து என் முன்னால் வை என்றார். பூச்சிமருந்து வைத்திருக்கிறாயா என்று போலீஸ்காரர் கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. சுள்ளென்று கோபம் வந்தாலும் கொண்டுவந்து வைத்தேன். சிரப், கிரைப் வாட்டர், பவுடர், கண்மை. கடைசியாக, சூடு பண்ணின எண்ணெய்.

கரண்டியை எடுத்து முகர்ந்தவர், சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இதில் என்ன போட்டிருக்கிறாய்?”

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டிருக்கிறேன், சளிக்கு எங்கள் வீடுகளில் அதைத்தான் தடவுவோம் என்றேன். எவ்வளவு கற்பூரம் என்று கேட்டார். டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் அள்ளிக் காட்டினேன். போன மாதம் வரை இதில் பாதிதான் போட்டேன், குளிர் ஜாஸ்தி ஆனதால் இரட்டிப்பாக்கினேன், மூக்கடியிலும் கொஞ்சம் தடவுகிறேன் என்று பெருமையாகவே சொன்னேன். பௌதியிடம்கூட, உங்கள் கடுகெண்ணெயெல்லாம் எங்கள் எண்ணெய்க்கு முன்னால் நிற்குமா என்று பீற்றிக்கொண்டிருந்தவள் நான்.

டாக்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு டாக்டர் பதில் எழுதியிருந்தார். நாலே வரி. எண்ணெய் தேய்க்கிறாயா என்று கேட்காதீர்கள், பாட்டிலை வாங்கி முகர்ந்து பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் அதில் கற்பூரம் கலப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது தோல் வழியாக உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும். இதுதான் அதன் சாரம்.

கடுகெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சித் தேய்ப்பதுதான் அந்த ஊர் வழக்கம். எண்ணெய் என்று நான் தலையாட்டியபோது டாக்டர் அதைத்தான் நினைத்திருக்கிறார். நான் வேறு எண்ணெய் வைத்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முதல் வலிப்பு, எண்ணெய் தடவின பிறகு. நர்சிங் ஹோமுக்கு எண்ணெயைக் கொண்டுபோகவில்லை, வலிப்பும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்று நாள் தடவாததற்கும் சேர்த்துத் தடவினேன். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் மறுபடி தடவியிருப்பேன். ரயில் ஏறியிருப்போம். ஒரு நாளுக்கும் மேலான பயணம், டாக்டர் கிடையாது. வழியில் வலிப்பு வந்திருந்தால் சளி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவியிருப்பேன். அதை நினைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பூச்சு மிச்சமிருந்தால் போகட்டும் என்று டாக்டரே பாத்ரூமில் வெந்நீர் விளாவச் சொல்லி, சோப்புப் போட்டுக் குழந்தையைக் கழுவச் செய்தார். எண்ணெய் பட்ட துணியெல்லாம் துவைக்கப் போயிற்று. டாக்சியோடு வந்த என் கணவரிடம், இன்றைக்குப் போகாதீர்கள், என் கண் முன்னால் இருக்கட்டும் என்று சொன்னார். டாக்சி திரும்பிப் போனது.

பயம் அத்தோடு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் அதிகமானது. அதுவரை வியாதியைப் பார்த்துப் பயந்தேன், இப்போது என் கையைப் பார்த்தே பயம். குழந்தையின் இமை துடித்தால் பயம், தும்மினால் பயம், அசையாமல் தூங்கினால் அதைவிடப் பயம். இதுவரை பூசினது மூளையை ஏதாவது செய்திருந்தால்? யாரிடம் கேட்பது? டாக்டர் தினமும் சேம்பர் முடிந்து போகிற வழியில் கீழே நின்று குரல் கொடுப்பார். நான் பால்கனியிலிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டுவேன்.

ஒரு வாரம் வலிப்பு வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. நர்சிங் ஹோம் டாக்டரோடு பேசி, சிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் அடுப்படியில் இருந்தபோது, கரண்டியால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் அழுத அழுகையில் பௌதி மாடியேறி ஓடிவந்தார். பிறகு அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

நன்றி சொல்ல டாக்டரிடம் போனேன். மிஷினிடம் கேட்டுப் படிக்கிறார் என்று திட்டியதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, நம் விஷயத்தை மற்ற டாக்டர்களுக்கும் எழுதிவிட்டேன், உன் பெயர் ஊர் எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டரில் காட்டினார். மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி விளக்கிப் படித்தார். தாய் தன் வழக்கப்படி அக்கறையோடுதான் செய்திருக்கிறாள், தவறு என்னுடையது, என்ன எண்ணெய் என்று கேட்காமல் விட்டுவிட்டேன், நீங்கள் யாரும் அப்படி விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். இல்லை டாக்டர், தவறு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ அலர்ஜி, சரியாகிவிட்டது என்றுதான் சொன்னேன். கற்பூரம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அதே எண்ணெயைத் தடவுகிற எத்தனை வீடுகளில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். முகம் தெரியாத டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அவர் தன் தவறு என்று ஒரே மாதத்தில் எழுதிவிட்டார், அதை என் தவறு என்று எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.