ஜெய்சல்மேரில் ஒரு பீலெஃபெல்ட் சலாட்

2006 பெப்ரவரியில் ஜேர்மனியில் எங்கள் ஊரான பீலெஃபெல்டின் சேவைக் கழகம் ஐந்து பேரை ராஜஸ்தானுக்கு அனுப்பியது. அங்குள்ள கழகத்தாரின் வீடுகளில் தங்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், மாலைகளில் எங்கள் ஊரைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழுத் தலைவி ரெனாட்டே, ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று இளம் ஜேர்மன்காரர். ஐந்தாவது ஆள் நான், வசந்தி, முதியோர் இல்லத்தில் தாதி.

குழுவின் அறிமுகத் தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘எங்கள் இந்திய நிபுணர்’ என்று ரெனாட்டே போட்டிருந்தார். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஒன்பது வயதில் பீலெஃபெல்டுக்கு வந்தவள். இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. சொல்லிப் பார்த்தேன். “பக்கத்து நாடுதானே,” என்றார். எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்தப் பயணத்தில் ஒரு தடவையாவது யாராவது என்னைப் பீலெஃபெல்ட்காரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய 285 கிலோமீற்றர், வான் வண்டியில் ஐந்து மணி நேரம். சாரதி பன்வர் மற்ற நால்வருக்கும் கையால் சைகை காட்டினார், என்னிடம் மட்டும் ஹிந்தியில் பேசினார். புரியவில்லை என்று தலையாட்டினேன். அவர் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். ஐந்து மணி நேரமும் இப்படித்தான் போனது. ஆனால் வழியில் மயில் நின்ற இடத்தில் எல்லாம் எனக்காக வண்டியை நிறுத்தியவரும் அவர்தான்.

ஊரைப் பற்றி என்ன சொல்ல? மணல் நிறத்துக் கல்லில் ஒரு கோட்டை, அதற்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், ஸ்கூட்டரில் போகிறார்கள். பழைய வணிகர் மாளிகைகளின் கல் ஜன்னல்களைப் பார்க்கக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை, பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜெயின் கோயில்களுக்குக் காலையில் போங்கள். தோல் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கொடுத்த எங்கள் பையன் ஒருவன் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே தரிசனம் செய்தான்.

எனக்கும் ரெனாட்டேக்கும் தங்க இடம் தந்தவர்கள் ஒரு ஜெயின் குடும்பம். வீட்டுக்காரி கமலா எங்கள் தட்டைக் காலியாக விட்டதே இல்லை. இரவுச் சாப்பாடு பொழுது சாயுமுன் வந்துவிடும். “கடைசியில் நேரத்துக்குச் சாப்பிடும் மனிதர்களைக் கண்டோம்,” என்று ரெனாட்டேக்கு மகிழ்ச்சி. அது பொழுது பட்டபின் உண்ணாத அவர்களுடைய விரதம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாள் நாங்கள் அவர்களுக்கு ஜேர்மன் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. உருளைக்கிழங்கு சலாட். அதில் சேர்க்கும் கடுகு விழுதுக் குழாய்கள் பீலெஃபெல்டிலிருந்து ரெனாட்டேயின் பெட்டியில் வந்திருந்தன. காலையில் கமலாவிடம் போய் ஐந்து கிலோ கிழங்கு வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்:

“வாங்கித் தரச் சொல்கிறேன். முற்றத்தில் வேறு அடுப்பு வைக்கலாம். நீங்கள் சாப்பிடுங்கள், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்.”

மண்ணுக்குக் கீழே விளைவது எதையும் அவர்கள் உண்பதில்லை. மூன்று நாளாக வெங்காயம் இல்லாத சாப்பாட்டை விரலைச் சப்பிச் சாப்பிட்ட நிபுணருக்கு இது அப்போதுதான் தெரிந்தது. விருந்தாளி போடும் ஒரே சாப்பாட்டை அந்த வீட்டார் பார்த்துக்கொண்டு இருப்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருமுனை தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். என் கணவர் பேக்கரியில் வேலை, ஜேர்மனியில் விடியமுன்னே விழித்திருப்பார்.

“இஞ்சருங்கோ, கிழங்கு சலாட் செய்ய ஏலாது. இவை மண்ணுக்குக் கீழ விளையிற ஒண்டும் சாப்பிடுறேல்லை.”

“வெங்காயம்?”

“அதுவும் இல்லை. முட்டையும் இல்லை, அதால மயோனைஸும் இல்லை.”

“அழாதையும். வாழைக்காய் கிடைக்குமோ எண்டு கேளும். அது மரத்திலதானே காய்க்குது. அவிச்சு, தயிரும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிரட்டும்.”

கேட்டேன். கமலா அலுமாரியைத் திறந்து ஒரு சீப்பு வாழைக்காயை எடுத்து வைத்தார். கிழங்கு போட வேண்டிய இடமெல்லாம் அவர்களும் அதைத்தான் போடுவார்களாம். இருவரும் தோலோடு அவித்து உரித்தோம். குழாய்க் கடுகில் அவர்களுக்கு ஆகாத, புளிக்க வைத்த வினாகிரி இருந்ததால் அதையும் விட்டுவிட்டுப் பச்சைக் கடுகை அரைத்தோம், வெள்ளரிக்காய் நறுக்கினோம். என் கை சும்மா இருக்குமா, இரண்டு பச்சை மிளகாயும் போட்டேன்.

பொழுது இறங்குமுன் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பன்வரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கமலாவின் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஜேர்மனியில் இது இப்படித்தானா இருக்கும்?”

நான் ரெனாட்டேயைப் பார்த்தேன். சலாட் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். வெள்ளரிக்காயைத் தடிப்பாக நறுக்கினாலே திட்டுவார். மெதுவாக மென்று விழுங்கினார்.

“ஜேர்மனியில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி,” என்றார். “பீலெஃபெல்டில் வசந்தி வீட்டில் இப்படித்தான் செய்வார்கள்.”

கமலா அதை ஹிந்தியில் பன்வருக்குச் சொன்னார். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பெப்ரவரி வரை நல்ல காலம், இரவில் குளிரும், கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். மணல் மேடுகள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், மாலையில் போங்கள். டெல்லிக்கு ரயிலில் ஒரு பகலும் இரவும் பிடிக்கும், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். யார் வீட்டிலாவது தங்கினால், சமைக்க முதல் அவர்களிடம் கேளுங்கள், என்னைப் போன்ற நிபுணரிடம் கேட்காதீர்கள்.

நாங்களும் ரயிலில்தான் திரும்பினோம். நிலையத்தில் பெட்டி தூக்க வந்தவர் நேரே என்னிடம் வந்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். நான் வாய் திறக்குமுன் பன்வர் குறுக்கே வந்து என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது பீலெஃபெல்ட் என்ற ஒரு சொல்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.