லோரியில் ஏறாத அக்கா

என் மேல் எனக்கே எரிச்சல் வரும்போதெல்லாம் அந்த அக்கா ஞாபகம்தான் வரும்.

தொண்ணூறுகளில் புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரி லோரி ஓட்டினேன். ஃபேக்டரி வருஷா வருஷம் ஊழியர்களுக்கு நெட்டோட்டப் போட்டி நடத்தும். ஓட முடியாமல் பின்தங்கியவர்களை ஏற்றி வருவது என் வேலை.

அக்காவுக்குப் பேக்கிங் பிரிவு. நாற்பது வயதுக்கு மேல், தடித்த கண்ணாடி. நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். வழியில் ஒவ்வொரு மின்கம்பத்தையும் உள்ளங்கையால் தட்டிவிட்டுத்தான் போவார்.

முதல் வருஷம் பாவம் பார்த்து, பாதி வழியிலேயே ஏற்றிவிட்டேன். எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். ரோட்டில் தனியாகப் போகிறவருக்குத் தும்பாங் கொடுத்து ஏற்றிக்கொள்ளாமல் போனால் எங்களுக்கு மனசு கேட்காது.

அடுத்த வருஷம் தூரத்தைக் கூட்டினார்கள். மறுபடியும் அக்காதான் கடைசி. பக்கத்தில் போய் லோரியை மெதுவாக்கினேன்.

"ஏறுங்கக்கா, எல்லாரும் முடிச்சிட்டாங்க."

அவர் நிற்கவில்லை.

"போன வருஷம் ஏத்தச் சொல்லி நான் கேட்டேனா? அப்புறம் ஆறு மாசம் ஓடுற சப்பாத்தையே தொடல. ஒவ்வொரு கம்பத் தூரமா கூட்டிக் கூட்டித்தான் மறுபடி இவ்ளோ தூரம் ஓட வந்திருக்கேன். தள்ளி ஓட்டுலா, புகை மூஞ்சில அடிக்குது."

எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் தள்ளியே பின்னால் போனேன்.

ஃபேக்டரி வாசலில் முடிவுக்கோட்டுப் பேனரைக் கழற்றிவிட்டு, எல்லாரும் நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா வந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பேனர் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தை அவர் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மட்டும் என் கன்னத்துக்குப் போனது.